கேப்சூலுக்குள் இருந்தது

அந்தக் கேப்சூல் திறக்கப்பட்டபோது வீட்டில் இருந்தவர்கள்:

வேல்விழி. முகம் ஊதி, காலில் செருப்பு ஏறாமல், தொண்டை நிறையப் புண்ணோடு அடுக்களை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் புருஷன் குற்றாலீஸ்வரன். ஐந்தருவி போகிற ரோட்டில் மூலிகைக் கடை வைத்திருப்பவன். முந்தின நாள் ராயகிரியில் ஒரு துஷ்டி வீட்டுக்குப் போய்த் துக்கம் கேட்டுவிட்டு வந்திருந்தான்.

அவன் அம்மா மாடத்தி. சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

அவன் அண்ணன் மாரிராஜ். தென்காசியில் ஏட்டு. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவன், காக்கிச் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு பனியனோடு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

வேறு யாரும் இல்லை. பின்னால் ஊரில் பல பேர் தாங்களும் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி பேசினார்கள். எல்லாம் பொய்.

கொரோனா இரண்டாவது தடவை வந்து ஊரைப் பிடித்திருந்த நேரம் அது. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. அருவிகளில் தண்ணீர் கொட்டியது, குளிக்க ஆளில்லை. தின்னக் கொடுப்பாரில்லாமல் குரங்குகள் வீட்டு ஓடுகளைப் பிரிக்க ஆரம்பித்திருந்தன. எண்ணெய்க் கடை, சிப்ஸ் கடை, பழக்கடை எல்லாம் தார்ப்பாய் போட்டுக் கட்டிக் கிடந்தன. ஒரே ஒரு கடைக்குத்தான் அதுவரை காணாத சீசன். அது குற்றாலீஸ்வரனுடையது. முன்பக்கம் ஷட்டர் இறங்கியிருந்தது. வியாபாரம் பின்வாசல் வழியாகவும் போன் வழியாகவும் நடந்தது.

விற்றது எதிர்ப்பு சக்திக் கேப்சூல். சீந்தில், அமுக்கரா, நெல்லி வற்றல் மூன்றையும் அரைத்துச் சலித்து, பச்சை நிறக் காலிக் கூடுகளில் அடைத்து விற்றான். கூடு பார்சலில் வரும். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பலகையில் கூடுகளை வரிசையாக நிறுத்தி, மேலே பொடியைக் கொட்டி, பழைய ஏடிஎம் கார்டால் வழித்து, மூடியை ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வேல்விழி அந்த வேலையைச் செய்தாள். அவள் கை பட்ட கேப்சூல் ஒன்றுகூடப் பிரிந்து வந்ததில்லை என்று அவனே சொல்வான். பிறகு விரல்கள் வீங்கின. காலையில் எழுந்தால் கை மடங்காது. மூக்குக்கு இரண்டு பக்கமும் கன்னத்தில் சிவப்பு படர்ந்தது. இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்தன. கடைசியில் திருநெல்வேலி டாக்டர் லோகநாயகி ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு லூபஸ் என்றாள். மாடத்தி வாயில் அது "லூப்பு" ஆனது. லூப்புக்கும் பிள்ளை பிறக்காததற்கும் சம்பந்தம் உண்டு என்று அவளுக்கு முன்பே தெரியுமாம்.

"உங்க வீட்டுல போலீஸ்காரங்க உண்டுன்னு சொன்னீங்கல்லா" என்றாள் டாக்டர் முதல் நாளே. "அப்ப உங்களுக்கு லேசாப் புரியும். உடம்புக்குள்ள காவலுக்கு ஒரு போலீஸ் இருக்கு. நோய்க் கிருமியைப் பாத்தா அடிக்கும். உங்களுக்கு அது போதாம இல்லை. கூடிப்போச்சு. வீட்டுக்காரனையே பிடிச்சு அடிக்குது. மூட்டை அடிச்சிருக்கு, தோலை அடிச்சிருக்கு, இப்ப கிட்னிக்கு வந்திருக்கு. அதை அடக்கி வைக்கத்தான் இந்த மாத்திரை. நிறுத்தினீங்கன்னா கிட்னி போயிரும்."

குற்றாலீஸ்வரனோடு கூட வந்திருந்த மாரிராஜ் இதைக் கேட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மூன்று வகை மருந்து. ஒன்று மலேரியாவுக்குக் கொடுக்கிற மாத்திரை. முதல் அலையில் கொரோனாவுக்கு நல்லதென்று யாரோ சொல்லி, வேண்டியவன் வேண்டாதவன் எல்லாம் வாங்கித் தின்று அது கடைகளில் இல்லாமலே போயிற்று. தென்காசியில் மெடிக்கல் வைத்திருக்கும் ஜாஹிரா பீவி வேல்விழிக்கென்று சில அட்டைகளை ஒளித்து வைத்துக் கொடுத்தாள். இரண்டாவது, ஸ்டீராய்டு. மூன்றாவது, பாதி நீலம் பாதி காவி நிறத்தில் ஒரு கேப்சூல். எதிர்ப்பு சக்தியை அடக்குவது அதுதான். கிட்னியைக் காப்பாற்றுவதும் அதுதான். அதைப் பிரிக்கக் கூடாது, பொடி கையில் படக் கூடாது, முழுசாக விழுங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தாள்.

அட்டையிலிருந்து கேப்சூலைப் பிதுக்கி எடுக்க வேல்விழியின் விரல்களால் முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் குற்றாலீஸ்வரன் உட்கார்ந்து, அட்டை அட்டையாகப் பிதுக்கி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு வைப்பான். அவள் வேளைக்கு வேளை அதிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வாள். புருஷன் செய்த காரியங்களில் அவளுக்கு மனசுக்குப் பிடித்தது அது ஒன்றுதான். கேட்காமல் செய்தான்.

அவனுக்கு வேறு உறுத்தல் இருந்தது. ஊருக்கெல்லாம் எதிர்ப்பு சக்தி விற்பவன் வீட்டில் அதைக் குறைக்க ஒரு மாத்திரை. கீழப்பாவூரிலிருந்து சரக்கு எடுக்க வந்த ஒருவன் பத்துப் பேர் முன்னால் கேட்டுவிட்டான்.

"அண்ணாச்சி, உம்ம வீட்டம்மா எந்தக் கேப்சூல் திங்காவ? பச்சையா, நீலமா?"

எல்லோரும் சிரித்தார்கள். குற்றாலீஸ்வரனும் சிரித்தான். அன்று சாயங்காலம் டிவியில் சுடுகாட்டு வரிசையைக் காட்டினார்கள். அவன் சாப்பிடாமல் எழுந்துபோய், பொடி அடைக்கிற மருந்து ரூமில் உட்கார்ந்திருந்தான்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அட்டைகளை மருந்து ரூமுக்கு எடுத்துப்போய்ப் பிதுக்கினான். அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்றான். வேல்விழி அதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை.

சித்திரை போய் வைகாசி வந்தபோது அவள் கால் வீங்க ஆரம்பித்தது. மூத்திரம் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைத்தது. கன்னத்துச் சிவப்பு திரும்பி வந்தது. மாரிராஜ் ஊரடங்கு பாஸ் வாங்கிக் கொடுக்க, திருநெல்வேலிக்குக் காரில் போனார்கள். டாக்டர் லோகநாயகி ரிசல்ட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"மாத்திரை விடாம போடுதீங்களா?"

"ஆமா டாக்டர். ஒரு வேளை விடல."

டாக்டர் நம்பவில்லை. குற்றாலீஸ்வரன் பக்கம் திரும்பினாள். "போடுதாங்களா?"

"நானே எடுத்துக் கொடுக்கேன் டாக்டர்" என்றான் அவன்.

அப்படியென்றால் மருந்துக்கு நோய் அடங்கவில்லை என்றுதான் அர்த்தம். டாக்டர் ஸ்டீராய்டை ஒரேயடியாக ஏற்றினாள். இதற்கும் கேட்காவிட்டால் அடுத்து ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து இன்னும் கடுமையான மருந்தை டிரிப்பில் ஏற்ற வேண்டும் என்றாள். கடைசியாக, "இந்த ஸ்டீராய்டு அளவுல உங்களுக்குக் காவலே இருக்காது. காய்ச்சல்காரங்க இருக்கிற பக்கம் தலை வச்சுப் படுக்கக் கூடாது. உங்களுக்கு வந்தா உடம்பு தாங்காது" என்றாள்.

திரும்பி வரும்போது வழியெல்லாம் குற்றாலீஸ்வரன் மூடிக் கிடந்த கடைகளையே பார்த்துக்கொண்டு வந்தான். பாவம், பயந்துபோயிருக்கிறான் என்று வேல்விழி நினைத்தாள். அவன் கையை எடுத்துத் தன் மடியில்கூட வைத்துக்கொண்டாள்.

அந்த நாளுக்கு வருவோம். தொண்டைப் புண்ணில் கஞ்சியே இறங்கவில்லை. கேப்சூலை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். தொண்டையில் ஒட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டது. மறுபடி போட்டாள். மறுபடி வந்தது. பிரிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது நினைவிருந்தது. வேளை தப்பக் கூடாது என்று சொன்னதும் நினைவிருந்தது. பாட்டிலிலிருந்து காய்ந்த கேப்சூல் ஒன்றை எடுத்துக் கரண்டிக்கு நேரே பிடித்து நீலத்தையும் காவியையும் இழுத்தாள்.

உடனே பிரிந்தது.

அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கம்பெனிக் கூடு அப்படிப் பிரியாது. நகம் கொடுத்துத் திருகி மல்லுக்கட்ட வேண்டும். அவளுடைய விரலுக்கு அது வரவே வராது. இவ்வளவு லேசாகப் பிரிவது ஏற்கெனவே ஒரு தடவை திறந்து, கையால் மூடிய கூடு. அந்த வேலை அவளுக்குத் தெரியாததா? மூடியவன் அவள் அளவுக்குக்கூட அழுத்தி மூடவில்லை.

கரண்டியில் விழுந்த பொடி ஈரமண் நிறத்தில் இருந்தது. நாக்கு நுனியில் தொட்டாள். சீந்தில் கசந்தது. அதற்குப் பின்னால் குதிரைக் கொட்டடி வாடை, அமுக்கரா. இன்னொன்றைப் பிரித்தாள். இன்னொன்று. பாட்டிலில் இருந்ததெல்லாம் அதுவேதான்.

"இங்கேருங்க. இது என்ன?"

குற்றாலீஸ்வரன் எட்டிப் பார்த்தான். அவன் பார்வை கரண்டியில் நிற்கவில்லை. அண்ணன் மேல் போயிற்று.

"மாத்திரை."

"என்ன மாத்திரை?"

"ஏட்டி, டாக்டர் கொடுத்ததுதான்."

"டாக்டரம்மா வீட்டுல அமுக்கரா இடிக்காவளோ?"

மாரிராஜ் வாயில் சோற்றோடு சிரித்துவிட்டான். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்தினான். எழுந்து வந்து எச்சில் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கரண்டியை முகர்ந்தான்.

"ஏலே குற்றாலம். என்னலே இது?"

ஸ்டேஷனில் கேட்கிற குரல் அது.

"கேக்கேன்லா?"

"சித்திரையில இருந்து மாத்தி வச்சிருக்கேன்" என்றான் குற்றாலீஸ்வரன். "உள்ள இருக்கதைத் தட்டிட்டு நம்ம பொடியை அடைச்சேன்."

உளுந்து புடைக்கிற சத்தம் நின்றது.

"எதுக்குலே?"

"எதுக்கா? இருக்கவன் எல்லாம் எதிர்ப்பு சக்தி இல்லாம சாவுதான். இவளுக்கு இருக்கிற கொஞ்ச நஞ்சத்தையும் கொறைக்க மருந்து கொடுக்காவ. நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா? எவனாவது பொண்டாட்டிக்கு அப்படி ஒண்ண எடுத்துக் கொடுப்பானா?"

"எனக்கு எதிர்ப்பு சக்தி கூடிப்போச்சுன்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சு சொன்னாவல்லா" என்றாள் வேல்விழி. "உங்களுக்கு நேராத்தானே சொன்னாவ."

"கூடிப்போனவ இப்படியாட்டி இருப்பா? கண்ணாடியில உன்னப் பாரு. ஒரு கொடம் தண்ணி தூக்க முடியல. அவ சொல்லுதது சரின்னா நீ பயில்வான் மாதிரில்லா இருக்கணும்?"

அவன் நிஜமாகவே நம்பித்தான் சொன்னான். அவள் முகத்தில் அடித்தது அதுதான். திருட்டு முழியாக முழித்திருந்தால்கூடத் தேவலை.

"சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாம்லா?"

"சொன்னா சம்மதிப்பியா?"

"நல்லதுக்குத்தானே செஞ்சிருக்கான்" என்றாள் மாடத்தி. "வெஷத்தையா அடைச்சான்?"

"வெஷம்னா ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும் அத்த." வேல்விழி பாட்டிலை மூடினாள். "மாத்திரை போடுதாளான்னு டாக்டரம்மா உங்ககிட்டக் கேட்டாவ. நானே எடுத்துக் கொடுக்கேன்னிய."

"அதுல என்னட்டி பொய்? எடுத்துத்தான் கொடுத்தேன்."

"கூட்டுக்குள்ள இருந்த வெள்ளப் பொடிய என்ன செஞ்சிய?"

குற்றாலீஸ்வரன் தலையைக் குனிந்தான். அந்தக் கேள்விக்குத்தான் அவனுக்கு வெட்கம் வந்தது. "அங்கன, மேல் தட்டுல, டப்பாவுல இருக்கு. வெல கூடுனதுல்லா. தூரக் கொட்ட மனசு வரல."

மாரிராஜ் கையைக் கழுவிவிட்டு வந்து சட்டையை மாட்டினான். ஒவ்வொரு பொத்தானாகப் போட்டான். "வேற எவனும் செஞ்சிருந்தா தூக்கி உள்ள வச்சிருப்பேன். மூதி, கூடப் பொறந்து தொலைச்சிட்டானே." பிறகு குரலைத் தாழ்த்தி, "தாயி, நீ ஸ்டேஷன் கீஷன்னு எதுவும் நினைச்சிராத. ஜாஹிரா அக்காகிட்டச் சொல்லி இன்னைக்கே புது மாத்திரை வாங்கியாரேன். வீட்டுக்குள்ள முடிச்சுக்கிடுவோம்" என்றான்.

சொன்னபடி விளக்கு வைக்குமுன் வாங்கி வந்தான். அதைக் குறையாகச் சொல்ல முடியாது.

வேல்விழி டாக்டருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"முதல்ல நீங்க பொய் சொல்லுதீங்கன்னு நினைச்சேன்" என்றாள் டாக்டர். "அப்புறம் மருந்து கேக்கலைன்னு நினைச்சு ஸ்டீராய்டை வேற ஏத்திட்டேன். இப்ப அதை டக்குனு நிறுத்தவும் முடியாது. புது மாத்திரையை உடனே ஆரம்பிங்க. வர்ற வாரம் டெஸ்ட் எடுத்துப் பாப்போம். கிட்னி எவ்வளவு மிஞ்சும்னு அப்பதான் சொல்ல முடியும். அதுவரைக்கும் யாரையும் பக்கத்துல விடாதீங்க. வீட்டு ஆளுகளையும்தான்."

மாடியில் ஒரு அறை இருந்தது. சீசன் காலத்தில் அருவிக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவது. வேல்விழி பாயையும் மருந்தையும் எடுத்துக்கொண்டு அங்கே ஏறிவிட்டாள். அட்டையை மேஜை மேல் கவிழ்த்து வைத்துக் கரண்டிக் காம்பால் குத்திக் குத்திக் கேப்சூலை எடுத்தாள். சிலது நசுங்கின. ஒரு வேளைக்கு எடுக்கவே நெடுநேரம் பிடித்தது. அந்தப் பாட்டிலை அவள் மறுபடி தொடவில்லை.

மாடத்தி படிக்கட்டில் தட்டை வைத்துவிட்டுப் போவாள். குற்றாலீஸ்வரன் கீழே நின்று கத்துவான். "ஏட்டி வேலு, கசாயமாவது ரெண்டு மடக்குக் குடி. உன் கண்ணு முன்னாலதானே போட்டு வச்சிருக்கு. இதுல என்ன களவு?"

முதலில் கத்தினான். பிறகு கத்தினால் இருமல் வந்தது.

ராயகிரியில் செத்தவருக்கு நெஞ்சுவலி என்றுதான் சொல்லியிருந்தார்கள். அந்த வருஷம் எல்லா வீட்டிலும் நெஞ்சுவலிதான். குற்றாலீஸ்வரன் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, செத்தவர் மகனின் இரண்டு கையையும் பிடித்துத் துக்கம் விசாரித்திருந்தான். துஷ்டி வீட்டில் ஒதுங்கி நிற்கிறவனை மனுஷனாக மதிக்க மாட்டார்கள். அதோடு அவன் காலையும் மாலையும் தன் பச்சைக் கேப்சூலைத் தவறாமல் தின்கிறவன். பயப்படத் தோன்றவில்லை. இப்போது அந்த மகனும் படுத்துவிட்டான் என்று போன் வந்தது.

குற்றாலீஸ்வரனுக்குக் காய்ச்சல் கொதித்தது. பச்சைக் கேப்சூலை வேளைக்கு இரண்டாக ஆக்கினான், பிறகு கை நிறைய அள்ளித் தின்றான். டெஸ்ட்டுக்கு வர மாட்டேன் என்றான். டெஸ்ட் எடுத்து வாசலை மறைத்துத் தகரம் அடித்துவிட்டால் யாவாரம் என்னாகும் என்றான். வேல்விழி மாடியிலிருந்து அந்த இருமலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கீழே இறங்கவில்லை. மாத்திரை பேரைச் சொல்லி, இதைக் கொடுங்க அத்த, வெந்நீர் கொடுங்க அத்த, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்க அத்த என்று மேலிருந்தே சொன்னாள். பன்னிரண்டு வருஷம் பக்கத்தில் படுத்தவனின் மூச்சு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இது அந்த மூச்சு இல்லை. மாடத்தியும் லேசாக இருமத் தொடங்கியிருந்தாள்.

மாரிராஜ் ஸ்டேஷனிலிருந்து விரலில் மாட்டுகிற கருவியைக் கொண்டுவந்து தம்பி விரலில் மாட்டிப் பார்த்தான். பார்த்ததும் யார் யாருக்கோ போன் போட்டான். ஒரு மணி நேரத்தில் ஆக்சிஜன் பெட் ஒன்றுக்கு வழி செய்துவிட்டான். அந்த நாட்களில் அது லேசான காரியம் இல்லை. ஆனால் நோயாளியோடு ஒரு ஆள் தங்க வேண்டும். அத்தனை பேருக்கு இருக்கிற நர்ஸ்கள் எப்படிப் போதும்? சிலிண்டரைப் பார்க்க, கக்கூசுக்குக் கூட்டிப்போக, முகத்தில் மாட்டியதை அவன் பிடுங்காமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள்.

மாடத்தி படிக்கட்டின் அடியில் வந்து நின்றாள்.

"ஏட்டி. கெளம்பு."

வேல்விழி மேல்படியில் இரண்டு மாஸ்க் போட்டு நின்றாள். "நான் எப்படி அத்த வர?"

"பொண்டாட்டி வராம பக்கத்து வீட்டுக்காரியா வருவா?"

"எனக்கு வந்தா தாங்காதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காவ. நான் அங்க போனா ரெண்டு பொணம் வரும்."

"எனக்கு மட்டும் சக்கரை இல்லையா? நான் போனா திரும்பி வருவேனா?"

மாடத்தி சொன்னது உண்மை. மாரிராஜ் இருவரையும் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ட்யூட்டி. அவன் வீட்டில் கைக்குழந்தை. யாரும் அவனைக் கேட்கவில்லை, அவனாகவும் சொல்லவில்லை.

"கல்லு நெஞ்சுட்டி உனக்கு."

"நெஞ்சு நல்லாத்தான் இருக்கு அத்த. கிட்னிதான் போச்சு."

மருந்து ரூமிலிருந்து குற்றாலீஸ்வரன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். கைலியின் மேல் துண்டைப் போர்த்தியிருந்தான். உதடு நாவற்பழம் தின்றவன் உதடு மாதிரி இருந்தது. தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தான். ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினான்.

"வேலு. நீ வா. நீ இருந்தா. எனக்குத் தைரியம்."

அவள் உள்ளே போனாள். வயர்க் கூடையில் அவனுக்கு இரண்டு கைலி, துண்டு, சோப்பு, தம்ளர் எடுத்து வைத்தாள். பிறகு தன்னுடைய சேலை ஒன்றையும் எடுத்து மேலே வைத்தாள். மருந்து அட்டைகளையும் வைத்தாள். ஏன் வைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அவனை வெறுக்க வேண்டும் என்று இத்தனை நாள் மாடியில் உட்கார்ந்து முயற்சி செய்திருந்தாள். அவன் இருமும்போதெல்லாம் அது கெட்டுப்போயிற்று. கூடையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினாள். வீங்கிய காலை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பாதிப் படிக்கட்டுக்கு வந்துவிட்டாள்.

அவள் இறங்குவதைப் பார்த்து அவன் முகம் தெளிந்தது. சிரித்தான்.

"பாத்தியா" என்றான். "வீட்டுல எல்லாத்துக்கும் இருமல். உனக்கு வரல. ஏன் வரல? அந்த ரெண்டு மாசம். உள்ள போனதுதான் காவலுக்கு நிக்கு. நான் அடைச்சது. உன்னக் காப்பாத்தும். நீ தைரியமா வா."

வேல்விழி நின்றாள்.

அவன் கண்ணில் பொய் இல்லை. செத்தாலும் அதைத்தான் நம்பிக்கொண்டு சாவான். பிழைத்து வந்தாலும் அதையே நம்புவான். கடையில் உட்கார்ந்து, என் பொண்டாட்டியையே காப்பாற்றியது இந்தக் கேப்சூல்தான் என்று சொல்லி விற்பான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையோ அதற்கடுத்ததோ, அவள் அசந்த நேரத்தில் மறுபடி அடைப்பான். அதுவும் நல்லதுக்குத்தான்.

அவள் கூடையிலிருந்து தன் சேலையை எடுத்தாள். மருந்து அட்டைகளை எடுத்தாள். கூடையை நின்ற படியிலேயே வைத்துவிட்டு இரண்டு படி பின்னால் ஏறினாள்.

"கூடைய எடுத்துக்கிடுங்க அத்த" என்றாள்.

மாடத்தி பாதிப் படி ஏறி வந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் கேட்டுக்கொண்டு நின்றிருக்கலாம். கூடையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு மகனின் கக்கத்தில் கை கொடுத்தாள். "வாய்யா" என்றாள். "அம்மா வாரேன்லா."

மாரிராஜ் கார்க் கதவைத் திறந்து வைத்திருந்தான். வெளியே சாரல் அடித்தது. மாடத்தி செருப்பைத் தேடவில்லை, வெறுங்காலோடு இறங்கினாள். குற்றாலீஸ்வரன் வாசல்படியில் நின்று திரும்பிப் பார்த்தான். அவள் ஏன் வரவில்லை என்று அவனுக்கு விளங்கவில்லை. விளங்கப்போவதும் இல்லை. அம்மாவின் மேல் சாய்ந்து காரில் ஏறினான்.

ஐந்தருவி ரோட்டில் கார் திரும்பும்வரை வேல்விழி படியிலேயே நின்றாள். பிறகு சேலைத் தலைப்பால் மாஸ்க்குக்கு மேலேயும் மூடிக்கொண்டு, இத்தனை நாளில் முதல் தடவையாகக் கீழே இறங்கினாள். அவன் பிடித்த சுவரைத் தொடாமல் நடந்தாள். தரையில் பச்சைக் கேப்சூல்கள் சிதறிக் கிடந்தன. ஒன்றிரண்டு அவள் காலடியில் நசுங்கின. வாசல் கதவைத் தோளால் தள்ளிச் சாத்தினாள். சாவியைப் போட்டாள். விரல்களுக்குத் திருக வலுவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, முழங்கை வரை வலி ஏறப் பல்லைக் கடித்துத் திருகினாள். பூட்டு விழுந்தது.